வலது பக்கத்துப் பால்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேருக்கு என் பால்தான் என்று இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன். ஐந்தாமவனுக்கு மட்டும் முடியவில்லை.

அவன் பிறந்தபோது எனக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. பசும்பால் கொடுத்தால் கக்கினான். அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டு கிடந்தான். அப்போது கன்னடச் சீமையில், தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் குடியிருந்தோம். கொல்லைச் சுவருக்கு அந்தப்பக்கம் ஊதுபத்தி உருட்டும் சாயபு வீட்டுப் பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. அவள் உருட்டிய பத்தியைத்தான் எங்கள் பெருமாளுக்கு ஏற்றினோம். அதற்கு மட்டும் மடி, தீட்டு பார்த்ததில்லை. முனகலைக் கேட்டு அவளாகவே வந்து கொல்லைக் கதவைத் தட்டினாள். கிணற்றடியில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். இடது பக்கம் தன் பெண்ணுக்கு, வலது பக்கம் என் பிள்ளைக்கு என்று வைத்துக்கொண்டாள்.

நான் என்ன செய்தேன்? பால் கொடுத்துவிட்டு அவள் துவைகல்மேல் கிடத்திய பிள்ளையை, ஒவ்வொரு தடவையும் தலையில் தண்ணீர் விட்டுத்தான் உள்ளே எடுத்தேன். என் மடி அப்படி. தசரா முடிந்த குளிர் வேறு. பிள்ளைக்குச் சளி கட்டி மூச்சு இழுத்தது. அவள் கோபப்படவில்லை. எங்களோடு பேசிப் பழகிய தமிழில் சொன்னாள்:

"பச்சை உடம்பு, அம்மாவ்ரே. அவனை விடுங்க. நானே குளிச்சிட்டு வரேன்."

காலை, மத்தியானம், விளக்கு வைக்கும் நேரம், எப்போதும் ஈரத் தலையோடுதான் வந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மாமியார் நடப்பதைப் போல் அவள் நடந்து காட்டுவாள், நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்போதும் சொல்லவில்லை.

ஒரு காலை அவளுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. அந்த நடுக்கத்தில் பிள்ளை வாயை எடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். என் மடிப்புடவைத் தலைப்பால் அவள் தலையைத் துவட்டினேன்.

மாமியார் பார்த்துவிட்டார். "தொட்டாச்சா? தளிகை உள்ளுக்கு வராதே" என்று சமையலறை வாசலை மறித்தார்.

"உள்ளே போன பாலை எதால அலம்பறது, அம்மா?" என்றேன்.

அன்றோடு அவளுக்குக் குளியல் நின்றது. பிள்ளை தேறினான். அவளுக்குப் பிடித்த இருமல் மட்டும் போகவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கும்போதெல்லாம் என் வெள்ளி டம்ளரில் கஷாயம் கொண்டுபோவேன். "பத்திப் பொடியால வந்த இருமல், அம்மாவ்ரே" என்பாள், நான் கேட்காமலே.

எனக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். நான் சொல்லச்சொல்லப் பேத்தி எழுதுகிறாள். 'நான் வேண்டாம் என்று சொல்லவில்லை' என்ற இடத்தில் அவள் கை நின்றதைப் பார்த்தேன். அதை விடாமல் எழுதினாயா, குழந்தை? எங்கே, முதலிலிருந்து வாசி.