சத்துணவு டீச்சரின் சர்க்கரை

கழுத்தின் பின்புறம் கறுத்துக்கொண்டு வந்ததை முதலில் அழுக்கு என்றுதான் நினைத்தேன். பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். தோல் உரிந்து எரிந்ததே தவிர, கருமை போகவில்லை. சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். கொல்லிமலைக் குளிரில் அதை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி இருந்தால் தேய்க்காதீர்கள். சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இன்சுலினின் (இரத்தச் சர்க்கரையை உயிரணுக்களுக்குள் சேர்க்க உதவும் சுரப்பு) பேச்சை உடம்பு சரியாகக் கேட்காதபோது தோல் இப்படிக் கறுப்பதுண்டு.

நான் மலையிலேயே பிறந்தவள். அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்கு முட்டை பரிமாறுகிறவள் பருத்துக்கொண்டே போனால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். சோளக்காடு ஊர் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது அது காதிலேயே விழுந்தது. நான் பின்னால் நிற்பது தெரியாமல், ஒரு பிள்ளையின் அம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"முட்டையெல்லாம் எங்க போவுதுன்னு டீச்சரைப் பாத்தாத் தெரியலீங்களா?"

ஒரு முட்டைகூட நான் எடுத்ததில்லை. ஆனாலும் கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல, பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனேன். அதன்பின் பள்ளியில் தண்ணீர்கூடக் குடிப்பதை நிறுத்தினேன். வீட்டிலும் ஒருவேளைச் சோறுதான். உடம்பு இளைக்கவில்லை, தலைதான் சுற்றியது. ஒரு மதியம் சாப்பாட்டு வரிசையின் முன்னாலேயே விழுந்தேன். கண் விழித்தபோது பிள்ளைகள் தட்டோடு என்னைச் சுற்றி நின்றார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மிக அதிகம் என்றார்கள். என் கணவர் சேலத்தில் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த பெண் மருத்துவர் மாத்திரை எழுதினார். பிறகு, ஓர் ஆய்வுக்காக என் வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"அதுல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்றேன்.

"கொழுப்பு சும்மா மூட்டையாட்டம் கிடக்கறதில்லீங்க. அதுவும் வேலை செய்யுது."

கொழுப்பு உயிரணுக்களுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. (எந்தப் புரதம் எவ்வளவு உருவாகலாம் என்று கட்டுப்படுத்தும் மிகச் சிறிய மூலக்கூறு) இருக்கிறதாம். அவற்றில் சில அழற்சியைக் (வெளியே தெரியாமல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் வீக்கம்) கூட்டும்; சில தணிக்கும். அந்தச் சமநிலை குலைந்தால் கொழுப்பு உயிரணு இன்சுலினுக்குச் செவிசாய்ப்பது குறைந்துவிடும்.

"அப்ப நான் தின்னதால வந்ததில்லீங்களா?"

"சாப்பாட்டுக்கும் நடைக்கும் பங்கு இருக்குதுங்க. அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. பட்டினி கிடந்து உங்களை நீங்களே தண்டிச்சுக்காதீங்க."

அருகிலிருந்த என் கணவர் மெல்லக் கேட்டார். "பட்டினி கிடந்தியா? எங்கிட்டக்கூடச் சொல்லலியே கண்ணு."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எடுத்துக்கொள்ளச் சம்மதித்தேன். மரத்துப்போக ஊசி போட்டார்கள். சேலையை விலக்கியபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை வெளிச்சத்தில் என் வயிற்றை நானே பார்த்ததில்லை. எடுத்ததைக் குப்பியில் போட்டபோது மட்டும் கண் தானாகப் போனது. நிலக்கடலைப் பருப்பளவு, வெளிர்மஞ்சள்.

"இதனால எனக்கு ஏதாவது குணமாகுங்களா?"

"உங்களுக்கு ஆகாதுங்க. வேற யாருக்காவது உதவலாம். அதுக்கும் வருசக்கணக்கா ஆகும்," என்றார். பொய் சொல்லாததற்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது.

இப்போது மாத்திரை, அளவான சாமைச்சோறு, கணவரோடு மாலை நடை. சர்க்கரை இறங்கியிருக்கிறது, எடை அவ்வளவாக இறங்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு, வீட்டிலிருந்து கொண்டுபோனதைக் கதவைச் சாத்தாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். யாராவது வாசலைக் கடந்தால் முதல் வாய் இன்னும் தொண்டையில் நின்றுவிடுகிறது.

சேலத்தில் ஏதோ ஒரு குளிர்பெட்டியில் என் உடம்பின் துணுக்கு ஒன்று உறைந்திருக்கிறது. எனக்கு நரை கூடுகிறது. அதற்கு வயதாவதில்லை. என்றாவது ஒருநாள், நான் இருக்கிறேனோ இல்லையோ, முகம் தெரியாத ஒருவர் அதை எடுத்து விளக்கொளியில் வைத்துப் பார்ப்பார். நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஆனால், பார்க்கட்டும்.