வேலுக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு

"இது காப்பி லா, ம்மா. ஒரிஜினல்ல ஜோதி இருக்கும்."

போன மாதம் புஷ்பா வீட்டு ஹாலில் நின்று இப்படிச் சொன்னவர், மேரு என்கிற ஊரில் உள்ள ஒரு கோவிலின் தலைவர். யாரிடம் சொன்னார்? சுவரில் இருந்த அந்த முருகன் படத்தை வரைந்தவளிடமே. நானும் பக்கத்தில்தான் நின்றேன்... திருடன் மாதிரி.

காரணம் இருக்கிறது. புஷ்பா என் பள்ளித் தோழி. பண்டமாரானில் வீடு, போர்ட்டில் கணக்கெழுதும் கிராணி வேலை. வேலை முடிந்து வந்து, நான்கு மாதம் உட்கார்ந்து அந்த ஆயில் பெயின்டிங்கை முடித்தாள். பார்க்கப் போன நான் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தேன். வார்னிஷ் பளபளப்பில் எதிர்ச்சுவர் டியூப்லைட் பட்டு, வேல் நுனிக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. கவனித்தேனா? இல்லை. அப்படியே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன்.

அது பந்திங் வரைக்கும் போனது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பிரேம் கடை அதையே கேன்வாஸில் அச்சடித்து விற்றது. என் அத்தை வீட்டு ஹாலிலும் ஒன்று தொங்குகிறது. எல்லாவற்றிலும் அந்தக் கோடு. மக்கள் அதற்கு 'ஜோதி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

தலைவர் அசலைக் கோவில் மண்டபத்துக்குக் கேட்டு வந்திருந்தார். புஷ்பா வரைந்த படம் ஒன்று முதன்முதலாக நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் போக வேண்டிய நாள். அசலில் கோடு இல்லை.

அது டியூப்லைட் வெளிச்சம் என்று ஒப்புக்கொண்டேன். அவர் நம்பவில்லை. கொஞ்சம் ஜோதி வரைந்து கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

எனக்கு அவமானமாக இருந்தது.

"நாலு மாசம் அந்தக் கண்ணுக்குத்தான் பாடுபட்டேன் அண்ணே. கண்ணப் பத்தி ஒருத்தரும் பேசலியே," என்றாள் புஷ்பா அவரிடம். பிறகு, நான் அன்று படமெடுத்த இடத்தில் அவரை நிறுத்திவிட்டு டியூப்லைட் சுவிட்சைப் போட்டாள்.

வேலுக்கு மேல் வெள்ளைக் கோடு. தலைவர் கைகூப்பிவிட்டார்.

"படத்துல இனி கை வைக்க மாட்டேன். வேணும்னா லைட்ட நீங்க போட்டுக்குங்க," என்றாள் புஷ்பா.

போட்டோ என்பது அசலைக் காட்டத்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது அசல்தான் போட்டோ மாதிரி இருந்தாக வேண்டும் போலிருக்கிறது! அவரை என்ன குறை சொல்ல? அவர் முதலில் பார்த்துக் கும்பிட்டது என் கைப்பேசிப் படத்தைத்தானே?

போன வெள்ளிக்கிழமை மேருவுக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் புஷ்பாவின் முருகன் - ஒரு கோடுகூடக் கூட்டாமல். எதிர்ச்சுவரில் புது டியூப்லைட்.

அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறார்கள்.