மெலனியின் காருக்கு நான் டயர் அளந்த கதை

1. கதவில்லாத கார்

எங்கள் தையல் ஃபக்டரி பூட்டியபோது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடம் அங்கே வெட்டின துணியை அளந்து சரிபார்க்கிற வேலை செய்தேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை என் மகள் எழுதுகிறாள். ஆனால் இலக்கம் தெரியும். அளவு டேப்பில் உள்ள ஒவ்வொரு கோடும் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி. விரலால் தடவியே அரை அங்குலத்தைச் சொல்வேன் என்று பெருமை பேசுவேன். பாதி நாள் அது சரியாகவும் இருக்கும்.

யூட் எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிறவன், எங்களைப்போல மன்னார் ஆள். பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரில் கார்ட்டியர்வில் பக்கம் கார் திருத்துகிற கராஜ் வைத்திருக்கிறான். ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடித்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் வந்தான்.

"திரேசக்கா, உங்களுக்கு டேப் பிடிக்கத் தெரியும்தானே?"

"சட்டைக்கோ, காற்சட்டைக்கோ?"

"டயருக்கு."

பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை போய்ப் பார்த்தால், கராஜின் பின்பக்கம் ஒரு கார் நின்றது. கதவு இல்லை. முன்னால் லைட் இருக்க வேண்டிய இடத்தில் லைட் மாதிரிப் படம் ஒட்டியிருந்தது. உள்ளே ஒரே ஒரு சீட், சுற்றிவர இரும்புக் குழாய்.

"பாவம், நல்லா அடிபட்ட கார் போல. எப்ப திருத்தி முடிப்பீங்கள்?" என்று கேட்டேன்.

யூட்டின் மகள் மெலனி அந்தக் காரின் ஜன்னலுக்குள்ளால் தலையை வெளியே விட்டுச் சிரித்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. "மாமி, இது திருத்தி முடிஞ்ச கார். ஸ்டாக் கார் எண்டு ரேஸ் ஓடுற கார். நான்தான் ஓடுறது. ஜன்னலுக்குள்ளாலதான் ஏறோணும்."

அப்படி ஏறி இறங்குகிற பிள்ளையைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. என் பேரப்பிள்ளைகளைப் பாருங்கள், சோபாவில் இருந்து எழும்பவே நாலு தரம் கூப்பிட வேண்டும்.

2. கோப்பிக் கப் சொன்ன பாடம்

மெக்கானிக் மார்செல். முன்பு பஸ் திருத்தினவர். பென்ஷன் எடுத்த பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் யூட்டிடம் வந்தவர். எனக்கு ஃபக்டரி பிரெஞ்சு தெரியும், அவருக்கும் பொறுமை இருந்தது. என் பெயரைப் பிரெஞ்சில் மதாம் தெரேஸ் என்பார்.

ரேஸ் நடக்கிற ட்ராக் முட்டை வடிவம். கார் இடப்பக்கம் மட்டும்தான் திரும்பும். மார்செல் குடித்து முடித்த கடதாசிக் கப்பை நிலத்தில் படுக்க வைத்து உருட்டிவிட்டார். அது நேரே போகாமல் வட்டமாகச் சுற்றி வந்தது.

"ஏன் சுத்துது?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரு பக்கம் வாய் பெரிசு, மற்றப் பக்கம் சின்னன்."

"அதுதான் உங்கட வேலை, மதாம் தெரேஸ். பின்னுக்கு வலது டயர் பெரிசா இருக்கோணும், இடது சின்னனா இருக்கோணும். அப்பதான் கார் தானாத் திரும்பும்."

அந்த வித்தியாசத்துக்கு ஸ்டாகர் என்று பெயர். புது டயர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. ஒரே அச்சில் வந்தாலும் ஒன்று கொஞ்சம் பருத்திருக்கும், ஒன்று மெலிந்திருக்கும், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. காற்றை அளவாக அடித்து, டேப்பைச் சுற்றிப் பிடித்து, இலக்கத்தை நான் சொல்ல மார்செல் கொப்பியில் எழுதுவார். பிறகு சோக்கால் டயரில் அடையாளம் போட்டுச் சோடி சேர்ப்பேன். இடது எண்பத்தாறரை, வலது எண்பத்தேழே முக்கால். இந்த ஒன்றேகால் அங்குலத்துக்காக நான் முழங்காலில் நின்ற நேரம் முழுக்கச் செபமாலை சொல்லியிருந்தால் நேரே மோட்சம்தான்.

3. திங்கட்கிழமை வட்டம்

இந்த டீம் எப்படி மேலே வந்தது என்று பலர் கேட்கிறார்கள். நல்ல எஞ்சின் என்கிறார்கள், மெலனியின் கை என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் நான் கண்ட பெரிய விஷயம் திங்கட்கிழமைதான்.

ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும் திங்கட்கிழமை ஐந்து மணிக்கு வாடிக்கையாளர்களின் கார்கள் போனதும், எல்லாரும் ரேஸ் காரைச் சுற்றி நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் தான் விட்ட பிழையைத் தானே சொல்ல வேண்டும். முதலில் முதலாளி. ஏசக் கூடாது. வெளியே போய்க் கதைக்கவும் கூடாது. நான் வருவதற்கு முந்தி ஒரு தரம் யூட் ஒரு சில்லின் நட்டை இறுக்க மறந்து, காரை ட்ரெயிலரில் ஏற்றும்போது சில்லு கழன்று உருண்டதாம். அவன் அன்றைக்கே எல்லாருக்கும் முன்னால் அதைச் சொன்னான். அப்படித் தொடங்கினது.

நான் நின்ற முதல் திங்களில் யூட் சொன்னான், "பெற்றோல் கணக்குப் பிழை. நான்தான்." மெலனி சொன்னாள், "நாலாவது சுற்றில அவசரப்பட்டிட்டன்." மார்செல் தன் பங்குக்கு ஒரு பிரேக் குழாயைச் சொன்னார்.

நான் யூட்டின் காதில் சொன்னேன், "தம்பி, சுவாமியாரிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட நான் இவ்வளவு சொல்லுறதில்லை."

"அங்க திரை இருக்கு அக்கா. இஞ்ச கார்தான் இருக்கு."

4. ஏறின கதை

நான் சேர்ந்த முதல் வருடம் சின்னப் பிரிவில் கடைசிப் பக்கம்தான் வந்தோம். மற்ற டீம்காரர் என்னைப் பார்த்து, சமோசா விற்க வந்திருக்கிறாளா என்று மெலனியிடம் கேட்டார்கள். அவள் பிரெஞ்சில் திருப்பிக் கொடுத்தாள்: "ஓம், ரேஸ் முடிய வாங்கோ. தோத்தவைக்குச் சும்மா குடுப்பா." அன்று எங்களுக்குப் பின்னால் ஒரே ஒரு கார்தான் வந்தது, அதுவும் புகைத்துக்கொண்டு. இருந்தாலும் பேச்சு பேச்சுத்தான்.

இரண்டாம் வருடம் நடுவில் வந்தோம். மூன்றாம் வருடம் வெல்லத் தொடங்கினோம். பிறகு அதற்கு மேல் பிரிவு, அதிலும் வென்றோம். கராஜில் ஒரு மூலையில் நின்ற கார் பாதி கராஜைப் பிடித்தது. துறைமுகத்துக்குக் கொண்டெய்னர் இழுக்கிற ட்ரக் கொம்பனிக்காரர் ஒருவர் காசு தந்து தன் பெயரைக் காரில் எழுதச் சொன்னார். ஞாயிறு ரேஸ் என்றால் நான் சனி பின்னேரப் பூசைக்கே போய்விடுவேன். அந்தச் சத்தம் இருக்கிறதே, நெஞ்சுக்குள் யாரோ உரலில் இடிக்கிற மாதிரி இருக்கும். முதலில் பயம். பிறகு அது இல்லாமல் எனக்கு ஞாயிறே விடியாது.

பிறகுதான் தொழில்முறை சீரிஸில் இருந்து அழைப்பு வந்தது. ஒரு வருடம் பரீட்சை. வருடக் கடைசியில் புள்ளிப் பட்டியலில் முதல் பன்னிரண்டுக்குள் நின்றால் நிரந்தர இடம். இல்லையென்றால் பழையபடி கீழே. யூட் அன்று எல்லாருக்கும் பிட்சா வாங்கித் தந்தான். மார்செல் அழுதார். கேட்டால் வெங்காயம் என்பார், பிட்சாவில் வெங்காயமே இல்லை.

5. நான் ஒளித்த டயர்

இனி என் கதை. சொல்ல வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

தொழில்முறை சீரிஸின் மூன்றாவது ரேஸ். பதினாறு டயர் அளந்து சோடி சேர்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து என் மருமகள் போன் எடுத்தாள், பேத்தி கோயிலில் முதல் நன்மை வாங்குகிற நாளுக்குரிய உடுப்புக்கு எத்தனை முழம் துணி வேண்டும் என்று. எனக்குக் கதை கண்டால் போதும். ஒரு கையில் போன், மறு கையில் சோக். கார் ட்ராக்குக்குள் போன பிறகு திரும்பிப் பார்க்கிறேன், ட்ரெயிலரில் சாய்ந்தபடி எண்பத்தேழே முக்கால் டயர் நிற்கிறது. அப்படியென்றால் காரின் வலப்பக்கம் போனது இன்னொரு இடது டயர். இரண்டும் ஒரே அளவு. கப் நேராகத்தான் உருளும்.

ரேஸ் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. யூட் மெலனியோடு கதைக்கிற ரேடியோவில் ஒரு வார்த்தை சொன்னால் கூப்பிட்டு மாற்றியிருப்பார்கள். நான் சொல்லவில்லை.

ஏன் என்றால், ஃபக்டரியில் எங்களுக்குத் துண்டுக்குக் கூலி. ஒரு துண்டு பிழைத்தால் மேற்பார்வைக்காரி நாள் முழுக்கக் கத்துவாள். அதனால் பிழைத்த துண்டைக் கட்டின் நடுவில் செருகிவிடுவோம். மேலும் கீழும் நல்ல துண்டு, நடுவில் பிழை. இருபத்திரண்டு வருடம் கை அப்படிப் பழகிவிட்டது.

கார் திரும்ப மாட்டேன் என்றது. மெலனி ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினாள். ஒரு வளைவில் வலப்பக்கம் முழுக்கச் சுவரில் உரசி நெருப்புப் பறந்தது. கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்தோம். ரேஸ் முடிந்து திரும்ப அளக்கிறதும் நான்தானே. வலப்பக்கம் ஓடின அந்த இடது டயரைப் பழைய டயர்க் குவியலின் நடுவில் செருகினேன். மார்செல் கொப்பியோடு வந்து வலது டயரின் அளவைக் கேட்டார். "எண்பத்தேழே முக்கால்," என்றேன்.

திங்கட்கிழமை மெலனி, "பிழை என்னிலதான், கூடத் திருப்பிட்டன்" என்றாள். மார்செல், "ஸ்பிரிங் என்ர பிழை" என்றார். என் முறை வந்தது.

"எனக்கு ஒண்டுமில்லை," என்றேன்.

மார்செல் பின் ஸ்பிரிங்கை மாற்றினார், கார் நன்றாகத் திரும்பட்டும் என்று. அடுத்த ரேஸுக்கு நான் டயரைச் சரியாக அளந்தேன். சரியான டயர், தேவையில்லாத ஸ்பிரிங். இப்போது கார் அளவுக்கு மிஞ்சித் திரும்பி, பின்பக்கம் வழுக்கியது. அவர் வேறு ஏதோ மாற்றினார். அதுவும் பிழைத்தது. ஒரு பொய் இலக்கத்துக்கு மேல் அந்த மனிதன் வருடம் முழுக்க வீடு கட்டினார்.

6. கடைசி ரேஸ்

கடைசி ரேஸுக்குப் போகும்போது நாங்கள் பதின்மூன்றாம் இடம். பன்னிரண்டில் ஒரு சிவப்புக் கார். அதற்கு முன்னால் முடித்தால் சீரிஸில் இருப்போம், பின்னால் என்றால் இல்லை.

பயிற்சி ஓட்டத்தில் பின்பக்கம் மறுபடி வழுக்கி மெலனி ஒரு முழுச் சுற்று சுழன்று நின்றாள். நான் ட்ரெயிலருக்குப் பின்னால் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் தகப்பனோடு கதைப்பது கேட்டது.

"அப்பா, வேற ஆரையும் விட்டு ஓடுங்கோ. எனக்குத்தான் ஓடத் தெரியேல்ல."

"விசர்க்கதை கதையாத."

"இல்லையப்பா. கார் நல்ல கார். மார்செல் எல்லாம் மாத்திப் பாத்திட்டார். நான்தான் பிழை."

கையில் இருந்த காற்றுக் குழாயை நிலத்தில் போட்டேன். என் பிழையை அந்தப் பிள்ளை தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. உள்ளே போனேன். மார்செலையும் கூப்பிட்டேன்.

"மூண்டாவது ரேஸில ரெண்டு பக்கமும் இடது டயர்தான் போனது. நான்தான் மாறிக் குடுத்தன். பேந்து பொய் இலக்கமும் சொன்னன். அண்டைக்கு ஸ்பிரிங் சரி. மெலனியும் சரி."

யூட் நிலத்தைப் பார்த்தான். அவன் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மார்செல் கொப்பியை எடுத்தார். தாள்களைப் பின்னுக்குப் பின்னுக்குத் தட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"ரெண்டாவது ரேஸ். ஏழாம் இடம் வந்தம். அண்டைக்குக் காரைச் சரிக்கட்டின செற்றப்புக்கே திரும்பிப் போவம். எவ்வளவு நேரம் இருக்கு?"

"ஒரு மணித்தியாலம்," என்றான் யூட்.

"அது போதும். மதாம் தெரேஸ், நீங்க டயரை அளங்கோ. நான் ஸ்பிரிங்."

என்னிடம்தான் டேப்பைத் தந்தார். ஒவ்வொரு டயரையும் மூன்று தரம் அளந்து இலக்கத்தைச் சத்தமாகச் சொன்னேன், பக்கத்து டீமுக்கும் கேட்டிருக்கும். மெலனி என் முகத்தைப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினாள். அதுவும் நியாயம்தான்.

பதினெட்டாம் இடத்தில் இருந்து தொடங்கினாள். ஒவ்வொன்றாகப் பிடித்தாள். முடிய இரண்டு சுற்று இருக்கும்போது சிவப்புக் காரின் பின்னால் நின்றாள். மூன்றாம் வளைவில் அந்தக் கார் கொஞ்சம் அகலப் போனது. எங்கள் கார் உட்பக்கக் கோட்டைப் பிடித்துத் திரும்பியது, கத்தரிக்கோல் துணியில் ஓடுகிற மாதிரி. முன்னால் போய்விட்டாள். அப்படியே முடித்தாள்.

யூட் தன் தலையில் இருந்த ஹெட்செட்டைக் கழற்றி என் காதில் வைத்தான். இரைச்சலுக்குள் மெலனியின் குரல்.

"மாமி, கார் திரும்புது."

நான் அழுதேன். எனக்கு வெங்காயச் சாட்டும் தேவைப்படவில்லை.

மார்செல் வந்து பக்கத்தில் நின்றார். பாராட்டுவார் என்று நினைத்தேன். "வேற ஏதும் ஒளிச்சு வைச்சிருக்கிறீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஜாக்கை எடுக்கப் போனார்.

இப்போது அந்த டீமுக்கு இரண்டு கார், சொந்த ட்ரக், பதினொரு பேர் வேலை. எனக்கு எழுபத்தொரு வயது. முழங்கால் விடாததால் கதிரையில் இருந்து அளக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள் மெலனியோடு படம் எடுக்கிறார்கள், எஞ்சினைத் தடவிப் பார்க்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். நீங்களும் பிழை விடுவீர்கள். கார் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள், அரை மணித்தியால வேலையோடு போய்விடும். ஓடத் தொடங்கிவிட்டால் அதைச் சுமக்கிறது நீங்கள் இல்லை, உள்ளே இருக்கிறவள்.