அம்மா வேண்டாமென்ற வேட்டை

சோளம் அறுக்கும் இயந்திரம் வயலில் இறங்கிவிட்டால் எங்கள் வீட்டில் மூடி வைத்த தண்ணீரில்கூட மெல்லிய செந்தூசி மிதக்கும். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அது ஒட்டிக்கொண்டு அரிக்கும் அரிப்பை நினைத்தால் இப்போதும் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. டெக்சஸின் வடகோடியில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை மரமே இல்லாத சமவெளியில் அந்த வீடு இருந்தது. கிரீன் கார்டுக்காக ஒரு சிற்றூர் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த அப்பா, ஊருக்கு வெளியே ஒரு பழைய வீட்டையும் அதோடு ஒட்டிய நூற்று அறுபது ஏக்கர் நிலத்தையும் சேர்த்தே வாங்கியிருந்தார். அவருக்கு நிலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கோபிசெட்டிபாளையம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த அம்மாவுக்குத் தெரியும். அப்போது எனக்குப் பத்து வயது.

நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் ராய். பக்கத்துப் பண்ணைக்காரர், ஆறடி உயரம், எதையும் அவசரமில்லாமல் பேசுபவர். அவருடைய மகள் கேலா என் வகுப்பு. பள்ளிப் பேருந்தில் எனக்கு இடம் பிடித்து வைத்த ஒரே ஆள் அவள்தான். அந்தப் பேருந்தில் தனியாக உட்கார்வது எப்படியிருக்கும் என்பது முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டதால், கேலாவின் நட்பு போய்விடக் கூடாது என்பதே அந்த ஆண்டு முழுக்க என் பெரிய கவலையாக இருந்தது.

நிலத்தின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், மற்ற நாளெல்லாம் இடுப்பளவு புல்லும் கோரையுமாக இருக்கும். அம்மா அதைக் "குட்டை" என்றாள். குட்டையைச் சுற்றித்தான் ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழிகள் குடியிருந்தன. சேவலுக்குச் சிவந்த முகம், பச்சைத் தலை, கழுத்தில் சட்டைப் பட்டை வைத்ததுபோல ஒரு வெள்ளை வளையம், உடம்பை விட நீளமான வால். பெட்டை மண்ணோடு மண்ணாக ஒரு பழுப்பு. அந்த வளையத்தைப் பார்த்துவிட்டு அம்மா வைத்த பெயர் "காலர் கோழி". எங்கள் வீட்டில் கடைசிவரை அதற்கு வேறு பெயர் வரவில்லை.

நாங்கள் குடிவந்த இரண்டாம் வாரம், ஒரு மாலை முழுக்கப் பெரிய ஆலங்கட்டி கொட்டி, கார்க் கண்ணாடி நொறுங்கிப்போனது. மறுநாள் குட்டைப் பக்கம் போன அம்மா, விரல் நீளம்கூட வளராத குஞ்சுகள் புல்லுக்குள் செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு மழையே இல்லை. மாட்டுக்குத் தீவனம் போதாமல் ராய் ஆகஸ்டில் குட்டையின் புல்லில் பாதியை அறுத்துக் கட்டிக்கொண்டு போனார். குத்தகைக்காரர் என்பதால் அது தன் உரிமை என்று அவர் நினைத்திருக்க வேண்டும், கேட்கவில்லை. அம்மாவுக்கு அது உறுத்தியது. ஆனால் அவள் படித்த இங்கிலீஷும் ராய் பேசிய இங்கிலீஷும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அவர் மெல்ல இழுத்துப் பேசுவதில் பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். அதனால் இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றேன்.

செப்டம்பரிலிருந்து அம்மா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். அப்பா மருத்துவமனைக்குக் கிளம்பியதும், எனக்குப் பேருந்து வருவதற்குள், நிலத்தைச் சுற்றியிருந்த மண்சாலையில் காரை நடையளவு வேகத்தில் ஓட்டுவாள். பனியில் நனைந்த பறவைகள் இறகு காய்வதற்காகச் சாலையோரம் வந்து நிற்கும் நேரம் அது. இடப்பக்கம் அவள் பார்ப்பாள், வலப்பக்கம் நான். எத்தனை சுற்று சுற்றினாலும் சேவல் ஐந்துக்கு மேல் தேறவில்லை. ஊரில் காபிக் கடையில் உட்கார்ந்தவர்களெல்லாம் போன குளிர்காலம் கடுமையாக இல்லாததால் இந்த ஆண்டு பறவை நிறைய இருக்கும் என்று பேசிக்கொண்டதாகக் கேலா சொன்னாள். டிசம்பர் முதல் சனிக்கிழமை வேட்டை தொடங்கும், சேவலை மட்டும் சுடலாம். அன்று அவளுடைய இரண்டு சித்தப்பாக்களும் ஓக்லஹோமாவிலிருந்து வருவார்கள். நிலத்தின் பழைய உரிமையாளர் காலத்திலிருந்து அவர்கள் சுட்டது எங்கள் குட்டையில்தான்.

அக்டோபரில் ஒரு மாலை ராய் வந்து கதவைத் தட்டினார். அப்பா வீட்டில் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஆண்டும் தானும் தம்பிகளும் வரலாமா என்று கேட்டார். அவருடைய வண்டியிலிருந்து கேலா எனக்குக் கை காட்டினாள். நான் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. "இந்த வருசம் வேண்டாம்னு சொல்லு கண்ணு. அஞ்சுதான் இருக்குது, அதையும் சுட்டுப்போட்டா அப்பறம் என்ன இருக்கும்? அடுத்த வருசம் பெருகுனா வரட்டும். அந்தப் புல்லையும் இனிமே அறுக்க வேண்டாம்னு சொல்லு. மரியாதையா சொல்லு."

நான் ராயின் முகத்தைப் பார்த்தேன், வண்டியைப் பார்த்தேன். வாசலைத் தாண்டி ராயின் பக்கத்தில் போய், அம்மாவுக்குக் கேட்காத குரலில் "ஷி செட் யெஸ்" என்றேன். மூன்றே சொற்கள்.

ராய் முகம் மலர்ந்து அம்மாவுக்கு நன்றி சொன்னார். வேண்டாம் என்றதைக் கோபப்படாமல் ஏற்றுக்கொள்கிறாரே என்று அம்மாவும் சிரித்தாள். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

அதன்பிறகு ஏழு வாரம். நன்றி கூறும் நாளுக்கு முந்தைய நாள் ராயின் மனைவி பீக்கன் பருப்பு வைத்துச் சுட்ட 'பை' என்ற இனிப்புப் பலகாரம் ஒன்று எங்கள் வாசலுக்கு வந்தது. அம்மா அதைப் பார்த்து நெகிழ்ந்துபோய், "வேண்டாம்னு சொன்னதுக்கு மூஞ்சியத் தூக்காம பலகாரம் குடுத்து உடறாரு பாரு, தங்கமான மனுசரு" என்றாள். என் பங்குத் துண்டை நான் அப்பாவின் தட்டில் வைத்துவிட்டேன். ஒவ்வொரு காலையும் காரில் ஏறும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஒவ்வொரு காலையும் அம்மா ஒரு சேவலைப் பார்த்துக் குரல் உயராமல் "அதா, அதா" என்பாள், நான் வாயை மூடிக்கொள்வேன்.

டிசம்பரின் அந்த முதல் சனிக்கிழமை காலை, பால் பொங்குவதற்குள் மூன்று வண்டிகள் வந்து நின்றன. நாய்களின் சத்தம் கேட்டு அம்மா ஜன்னலைப் பார்த்தாள். துப்பாக்கிகளோடு ராய், அவர் தம்பிகள் இருவர், ஆரஞ்சு நிற மேற்சட்டையில் கேலா. அப்பாவின் குளிர்கோட்டை நைட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டு அம்மா வெளியே பாய்ந்தாள். நான் பின்னால் ஓடிப்போய்க் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, நான்தான் யெஸ்னு சொல்லிட்டேன். நீ நோ சொன்னதை நான் சொல்லவே இல்லை."

அம்மா நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். காற்றில் பறந்த முடியை ஒதுக்கிவிட்டு, என் கையைப் பிடித்து ராய்க்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். "நாங் வேண்டாம்னு சொன்னேன், மாத்திச் சொன்னது நீதான்னு சொல்லு. எதையும் உட்டுப்போடாம சொல்லு."

கேலாவின் முன்னால் அதைச் சொன்னேன். ஐந்து சேவல், செத்த குஞ்சுகள், அறுத்த புல், எல்லாவற்றையும் சொன்னேன். ராய் குறுக்கே பேசாமல் கேட்டார். சின்னத் தம்பி மட்டும் எரிச்சலோடு ஏதோ சொன்னார். "என்ன சொல்றாரு?" என்றாள் அம்மா. இந்த முறை மறைக்க எனக்குத் துணிவில்லை. ஆறு மாதம் முன்னால் வந்தவர்களுக்கு இந்தப் பறவைகளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறார் என்றேன்.

"அவரு சொல்றது நெசந்தான். ஆறு மாசந்தான் ஆச்சு. ஆனா நாங் தெனமும் பாக்கறேன். அவரு வருசத்துல ஒரு நாளு பாக்கறாரு."

நான் அதையும் சொன்னேன். ராய் தரையைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, தம்பிகளிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார். அம்மாவைப் பார்த்துத் தலையை அசைத்தார். என்னைப் பார்க்கவில்லை. கேலாவும் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் வந்து அம்மா பொங்கி வழிந்த பாலைத் துடைத்தாள். என்னைத் திட்டவே இல்லை. "இனிமே நானே பேசிக்கறேன்" என்றாள், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

பேருந்தில் கேலா மார்ச் வரை வேறு இடத்தில் உட்கார்ந்தாள். எப்படி மறுபடி பேசத் தொடங்கினோம் என்பது எனக்கு நினைவில்லை. பிள்ளைகள் சண்டை அப்படித்தான் தீரும் போலிருக்கிறது. அடுத்த ஆகஸ்டில் ராய் மறுபடி கதவைத் தட்டினார். நான் திறந்தபோது, அம்மா இருக்கிறாரா என்று மட்டும் கேட்டார். சமையலறை மேசையில் தீவனப் பையின் பின்பக்கத்தில் குட்டையை வரைந்து, எதுவரை புல்லை விட்டுவைப்பது, எந்த மூலையில் சோளத்தாளை உழாமல் விடுவது என்று இருவரும் பேசினார்கள். அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். அம்மா வினைச்சொல்லே இல்லாமல் பதில் சொன்னாள். புரியாத இடத்தில் இருவரும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

அந்த டிசம்பரில் அவர்கள் வந்தார்கள், மூன்று சேவலோடு நிறுத்திக்கொண்டார்கள். உரித்துச் சுத்தம் செய்த ஒன்றை ராய் கொண்டுவந்து கொடுக்க, அம்மா தேங்காய்ப் பல்லும் கிள்ளிய வரமிளகாயும் போட்டு வறுத்தாள். கேலா கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டாள். சில ஆண்டுகள் அப்படியே போயின. ஒரு பனிக்காலத்தில் பதினாலு சேவல்வரை எண்ணினோம்.

இப்போது அம்மாவும் அப்பாவும் பேர்லேண்ட் என்ற ஊரில் ஒரு கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். நான் ரிச்சர்ட்சன் நகரில் வேலை பார்க்கிறேன். ராய் இறந்துவிட்டார். நிலம் இன்னும் எங்கள் பெயரில்தான் இருக்கிறது. வேறு யாரோ உழுகிறார்கள். நிலத்தடி நீர் வற்றி விளைச்சல் குறைந்துகொண்டே போவதால், அதை ஈடுகட்ட மூலை முடுக்கெல்லாம் உழுதாகிவிட்டது. குட்டை இருந்த இடம் வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு நிறமாற்றமாக மட்டும் தெரிகிறது. போன செப்டம்பரில் வேட்டை நிலங்களைப் பருவ வாடகைக்குப் பிடித்துத் தரும் ஒரு நிறுவனம் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியது. யார் வருவார்கள், எத்தனை பேர் என்பது அதில் இல்லை. பறவை எத்தனை இருக்கிறது என்று அவர்கள் கேட்கவும் இல்லை. சம்மதம், மறுப்பு என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. மறுப்பை அழுத்தினேன். பதிவாகிவிட்டது என்று ஒரு வரி வந்தது. இந்த முறை நோ சொன்னதற்கு முகம் வாட எதிரே யாருமே இல்லை. அலுவலகத்தில் அடுத்த மீட்டிங்குக்கு எழுந்து போக எனக்கு வெகுநேரம் ஆனது.