துணி பிரஷ்ஷில் நின்ற சீட்டுகள்

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரியே முடியப்போகிறது, இன்னும் பாப்பா. படிப்பது பொழுதுபோக்குச் சிகிச்சை. வாதத்தில் விழுந்தவர்கள், மனம் ஒடிந்தவர்கள் எல்லாரையும் விளையாட்டு, பாட்டு, செடி வளர்ப்பு என்று எதையாவது பிடித்து மறுபடி நிமிர்ந்து உட்கார வைப்பது. இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். "பந்து போடறதுக்கு ஒரு படிப்பா?" என்று பெரியம்மா கேட்டதிலிருந்து, "தெரபி படிக்கிறேன்" என்று பாதியை விழுங்கிவிடுவாள்.

அடுத்த மாதம் ஒரு மறுவாழ்வு மையத்தில் இன்டர்ன்ஷிப். அதற்கு முன் தெரிந்தவர் ஒருவரை வைத்துச் செய்து பழகிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டிலேயே சித்தப்பா இருந்தார்.

சித்தப்பா லாரி ஓட்டியவர். வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஞாயிறு மதியம் பழைய கூட்டாளிகள் இரண்டு பேர், மெக்கானிக்கும் நெட்டையன் என்ற டிரைவரும், வந்து பேசிவிட்டுப் போவார்கள். முன்பெல்லாம் சீட்டாடாமல் எழுந்திருக்கவே மாட்டார்கள். இப்போது அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. ஒரே கையால் சீட்டைப் பிடித்து, அதே கையால் எப்படி இறக்குவது?

பாப்பா ஒரு புது துணி பிரஷ்ஷை மல்லாக்க வைத்து, நாருக்குள் சீட்டுகளைச் செருகிக் காட்டினாள். ஆடாமல் அசையாமல் நின்றன. சித்தப்பா இடது கையால் ஒன்றை உருவிப் பார்த்துவிட்டு, "அட!" என்றார். பாப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிறு சித்தப்பாவின் கட்டிலையொட்டி மேஜையைப் போட்டு மூவரும் ஆட உட்கார்ந்தார்கள். பாப்பா பக்கத்தில் நின்றாள். சின்ன வெற்றியைக்கூடப் பாராட்ட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்களே! சித்தப்பா முதல் சீட்டை இறக்கியதும் கைதட்டினாள். "சூப்பர் சித்தப்பா!"

மெக்கானிக் சிரித்தார். பாப்பா அடுத்த சீட்டுக்கும் விடவில்லை. "வெரி குட்! அப்படித்தான்!"

"டேய், அடுத்து பால் பாட்டில் குடுப்பாங்கடா உனக்கு" என்றார் நெட்டையன்.

சித்தப்பாவின் காது சிவந்துபோயிற்று. பிரஷ்ஷைத் தள்ளினார். "தூக்கம் வருது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வந்தவர்கள் எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. பாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி பகலாகப் பாரம் ஏற்றிப் போய்வந்த மனுஷனிடம், நடை பழகுகிற குழந்தையிடம் கொஞ்சுவதுபோல் கொஞ்சியிருக்கிறாள், அதுவும் அவர் கூட்டாளிகள் முன்னால். நினைக்க நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மிச்சமிருந்த அந்த ஒரு சந்தோஷத்தையும் கெடுத்தாயிற்று. இந்த லட்சணத்தில் இன்டர்ன்ஷிப் வேறு.

நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். மெக்கானிக் வண்டிக்கு அடியில் கிடந்தார்.

"மாமா, ஏன் வரலை?"

"அவன்தாம்மா போன் பண்ணி வராதீங்கன்னான்."

"தப்பு என்மேலதான் மாமா. நீங்க வாங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

ஞாயிறு அவர் மட்டும் வந்தார். நெட்டையன் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம்.

"ரெண்டு பேர் என்னத்தை ஆடறது?" என்றார் சித்தப்பா. பிறகு, இத்தனை நாள் முகம் பார்க்காதவர், அவளைப் பார்த்தார். "உனக்கு ஆடத் தெரியுமா?"

விளையாட்டை வைத்துச் சிகிச்சை செய்யப் படிக்கிறவள். சீட்டைக் கையில் பிடித்து ஒரு ஆட்டம் ஆடியதில்லை.

"தெரியாது சித்தப்பா."

"உட்காரு. ஆட ஆட வரும்."

சீட்டுகள் அவள் கையிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தன. எதை இறக்குவது என்று வெகுநேரம் விழித்துவிட்டு, கடைசியில் ஒன்றைப் போட்டாள்.

சித்தப்பா இடது கையால் மேஜையைப் படார் என்று தட்டினார். "சூப்பர் பாப்பா!"

மெக்கானிக் சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். "வெரி குட்! அப்படித்தான்!"

பாப்பாவுக்கு முகம் திகுதிகுவென்று எரிந்தது. அடுத்த சீட்டுக்கும் தட்டினார்கள். அதற்கடுத்ததற்கும். தலை நிமிரவே முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

சித்தப்பா தட்டுவதை நிறுத்தினார்.

"போதுமா?"

"போதும் சித்தப்பா."

"சரி, அழாம சீட்டைப் போடு" என்று பிரஷ்ஷைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.