கட்டுச்சோற்றுக்கு மீ குவாங்

என் மருமகள் தமிழில் முதலில் கற்றுக்கொண்ட சொல் ‘போதும்’. மகன் வியட்நாமில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தபோது அங்கேயே கட்டிக்கொண்டு, பிறகு தல்லாகுளத்து வீட்டுக்குக் கூட்டிவந்த பெண் அவள். நான் கரண்டியைக் கையில் எடுத்தாலே, “போதும் அத்தை” என்பாள். இன்னும் ஊற்றவே இல்லையே ஆத்தா, என்னத்தப் போதும்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிள்ளை உண்டான பிறகும் அதே போதும்தான். ஏழாம் மாதத்தில் கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

வளைகாப்புக்கு நாள் பார்த்தோம். டி. கல்லுப்பட்டியில் இருந்து முன்கூட்டியே வந்துவிட்ட என் நாத்தனார், சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தாள்.

“மதினி, கட்டுச்சோறு பொண்ணு வீட்டுலருந்துல்ல வரணும். இவளுக்கு யாரு கொண்டுவருவா? பேசாம கடையில சொல்லிருங்க.”

அவள் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. சம்பந்திக்குப் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவரை விட்டு நகர வழியில்லை. ஆனால் மருமகளுக்கு இப்போது தமிழ் நன்றாகவே புரியும். அன்றைக்கு அவள் போதும் என்றுகூடச் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டாள். நானும் பாதியிலேயே கை கழுவினேன்.

ராத்திரி மகனைப் பிடித்துக்கொண்டேன். அவள் வீட்டில் விரும்பி என்னதான்டா சாப்பிடுவாள்? “மீ குவாங், அம்மா. அவங்க ஊர்ப்பக்கத்து நூடுல்ஸ். அவங்கம்மா காலையில செஞ்சு குடுப்பாங்க.”

மறுநாள் சம்பந்தியை வீடியோ காலில் கூப்பிட்டோம். மகன் கொஞ்சம் சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டான். அப்புறம் எல்லாம் கைச்சாடைதான். அந்தம்மா ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டக் காட்ட எனக்குச் சிரிப்பு வந்தது. மஞ்சள், சின்ன வெங்காயம், வறுத்த நிலக்கடலை, வாழைப்பூ, மேலே நொறுக்கிப் போட அரிசி அப்பளம். அட, இம்புட்டும் என் அடுப்படியிலேயே கிடக்கிறதே, இதற்கா இவள் அரைவயிறாய்க் கிடந்தாள்?

மஞ்சள் கலந்த அரிசி மாவைத் தட்டில் மெல்லிசாய் ஊற்றி, ஆவியில் வேகவைத்து, உரித்து, விரலகலத்துக்கு நறுக்க வேண்டும். இலை வடாம் போட்ட கைக்கு அது பெரிய வேலையா? வாழைப்பூவைப் பச்சையாய்ப் போடச் சொன்னபோதுதான் முழித்தேன். துவர்க்காதா? மோர்த்தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டேன். மருமகள் ஊரிலிருந்து கொண்டுவந்து, நாற்றம் தாங்காமல் நான் கொல்லைப்பக்கம் தள்ளியிருந்த மீன்சாறு பாட்டிலையும் உள்ளே கொண்டுவந்தேன்.

கோழியும் இறாலும் போட்டுக் கொதித்த சாற்றை மூன்று கரண்டி ஊற்றியதும், போனில் சம்பந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரே கரண்டியாம், அடி நனைந்தால் போதுமாம். எங்கள் பக்கத்துப் பந்தியில் குழம்பை இப்படி அளந்து ஊற்றினால் இலையை மூடிவிட்டு எழுந்து போயிருவாய்ங்க. சரி, அவள் பிள்ளைக்கு அவள் சொல்வதுதான் என்று முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டேன்.

வளைகாப்பன்று விடிகாலையில் மறுபடியும் செய்து எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போய், பூ, பழம், வளையல் தட்டோடும் சட்டியோடும் முன்வாசலுக்கு வந்து நின்றேன். நாத்தனார் வழியை மறித்தாள்.

“என்ன மதினி இது? பொண்ணு வீட்டாளுக எங்க?”

“நான்தான் பொண்ணு வீடு. தள்ளு.”

“சட்டியில கோழியா? வளைகாப்புலயா?”

“அவ பொறந்த வீட்டுல இதுதான் கட்டுச்சோறு.”

வளையல் போட்டு முடிந்ததும், செம்பில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் தட்டை வைத்தேன். அந்தப் பக்கம் சம்பந்தி கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மருமகள் குனிந்து மோந்து பார்த்தாள். ஒரு வாய் எடுத்து, நெடுநேரம் மென்றாள்.

“அம்மா செஞ்ச மாதிரி இல்ல, அத்தை.”

நாத்தனார் தொண்டையைச் செருமினாள். நான் தட்டை எடுக்கக் கையை நீட்டினேன்.

அவள் விடவில்லை. தட்டு காலியாகும்வரை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். பிறகு அதை என் பக்கம் தள்ளினாள்.

“இன்னும், அத்தை.”

அள்ளி வைத்தேன். சாற்றை ஊற்றும்போது என் கண்ணை நீர் மறைத்துவிட்டது, கை நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று கரண்டி. போனில் சம்பந்தி அவள் பாஷையில் கத்திக்கொண்டிருந்தாள். மருமகள் தட்டை விலக்கவே இல்லை.