கண்ணில் ஒற்றிய தாள்கள்

சிட்னியின் வெஸ்ட்மீட் பகுதியில் நான் வீட்டுக்குப் போய்ப் பராமரித்த கிழவர் ஓர் அமெரிக்கர். ஒன்பது நாவல் எழுதியவர். அதில் ஒன்று அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. அதே நாவல்தான் மகளையும் பறித்தது. அவளுடைய மணமுறிவை, அவள் அழுத அழுகை உட்பட, அப்படியே எழுதி அச்சில் ஏற்றிவிட்டார். கடைசிக் காலத்தில் மகள் இருக்கிற சிட்னிக்கே வந்து சேர்ந்தார். அவள் சனிக்கிழமைதோறும் சாமான் பையை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். உள்ளே வரமாட்டாள்.

காலையில் குளிப்பாட்டிக் கதிரையில் இருத்தினால் மத்தியானம்வரை எழுதுவார். பிறகு எல்லாத் தாளையும் நிலத்தில் தள்ளிவிட்டு, "குப்பையில் போடு" என்பார். ஒருநாள் தெரியாமல் ஒரு தாளை மிதித்துவிட்டேன். பதறிப்போய் எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதினவருக்கே எழுத்தின் அருமை தெரியாவிட்டால் நான் என்ன செய்ய!

குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. அன்றிலிருந்து எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சாமித்தட்டின் கீழே அடுக்கினேன்.

"உனக்கென்ன விசரே? வேலையிடத்தில தெரிஞ்சா உன்ரை வேலை போயிடும்" என்றார் கணவர்.

"போனாப் போகட்டும். சரஸ்வதியைக் குப்பையில போடச் சொல்லுறியளோ?" என்று அவர் வாயை அடைத்தேன்.

குளிர்காலத்தில் கிழவர் போய்ச் சேர்ந்தார். மகள் முதல்முறையாக உள்ளே வந்தாள். வெறும் மேசையைப் பார்த்து, "அப்பா கடைசியாக ஒன்றும் எழுதவில்லையா?" என்று கேட்டாள். சொன்னால் வேலை போகும். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. மறுநாள் அந்தத் தாள்களை எல்லாம் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாசற்படியில் இருந்துகொண்டே வாசித்தாள். கதை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தாளும் அவள் பெயரில் தொடங்கி, மன்னிப்புக் கேட்க வந்து, மூன்றாம் நான்காம் வரியில் நின்றுபோயிருந்தது. ஒன்பது நாவல் எழுதியவருக்கு அந்த ஒரு கடிதம் எழுத வரவில்லை.

"எவ்வளவு காலமாக வைத்திருக்கிறீர்கள்?"

"ஒன்றரை வருசம்" என்றேன்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் இந்த வாசலுக்கு வந்தேனே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்தவர் எழுதியதை வாசிப்பது பிழை என்று நான் ஒரு வரிகூட வாசித்ததில்லை. அத்தனை தாளையும் கண்ணில் ஒற்றினேன். ஒன்றையாவது வாசித்திருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போயிருப்பேன்.